மணப்பெண்ணைத் தூக்கியது யார்?

"ஐயா, நீங்க போலீஸ்ல இருந்தவர்னு சொன்னாங்க. மணப்பெண்ணைக் காணோம். யாருமே பயப்பட மாட்டேங்கறாங்க."

அலோயிஸ் விம்மர் கிராமத்து விடுதியின் கல்யாண மண்டபத்தில், மேசைக்கடியில் ஷூக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார். காலையில் தேவாலயம், மதியம் பன்றி வறுவல், பிறகு ஓயாத வாழ்த்துரைகள், பிறகு புதுத் தம்பதி சேர்ந்து சடங்குக்கு மரக்கட்டை அறுத்தது, இப்போது காப்பியும் கேக்கும். மாப்பிள்ளை கஸ்பருக்கு அவர் தாய்மாமன். பாதியில் எழுந்து போகவும் முடியாது. நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்றவள் அதியாம்போ, கென்யாக்காரி. மணப்பெண் வெரேனாவோடு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள்.

விம்மர் வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருந்த அவருடைய அக்காள் சென்ஸி முந்திக்கொண்டாள். எழுபது தாண்டியும் ஊர்வம்பென்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

"அடி பொண்ணே, அது எங்க பக்கத்து வழக்கம்! சிநேகிதப் பசங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போயி ஏதாவது பீர்க்கடையில ஒளிச்சு வைப்பானுங்க. மாப்பிள்ளை ஊர் ஊரா அலைஞ்சு, பணம் குடுத்து மீட்டுட்டு வரணும். கஸ்பர் அதுக்குத்தான் கிளம்பிப் போயிருக்கான். அத விடு, என் கம்பளிப் போர்வையை ஆணியிலேருந்து எவனோ திருடிட்டான். அதக் கேக்க நாதியில்ல!"

"வழக்கம் புரியுதும்மா. எங்க ஊர்லயும் அந்தக் காலத்துல பொண்ணை இழுத்துட்டுப் போவாங்க." அதியாம்போ ஒரு சின்னத் துணிப்பையை நீட்டினாள். "இது இல்லாம அவ பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டா. அவளுக்குச் சர்க்கரை வியாதி. கேக் வந்ததும் ஊசி போட்டுக்கிட்டா, நான் பாத்தேன். ஆனா கேக்கு தட்டுல அப்படியே இருக்கு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடலன்னா என்ன ஆகும்னு தெரியுமா? சர்க்கரை இறங்கி மயங்கிடுவா. விட்டா உயிருக்கே ஆபத்து. அவ போன்கூட இந்தப் பைக்குள்ளதான் கிடக்கு. மாப்பிள்ளைக்குப் போட்டேன், எடுக்கல."

விம்மர் ஷூக் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

மணமக்கள் மேசையருகே போய்ப் பார்த்தார். கேக் துண்டு முனைகூட உடையாமல் இருந்தது. பூச்செண்டு தண்ணீர்ச் சாடியில் நின்றது. மேசைக்கடியில் வெள்ளைக் குதிகால் செருப்புகள் இரண்டும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருந்தன.

"வெறுங்காலோடயா தூக்கிட்டுப் போனானுங்க, படுபாவிங்க!" என்றாள் சென்ஸி. "தம்பி, இது அந்தக் குவிரின் வேலைதான். மாப்பிள்ளைத் தோழன்னு பேரு, முழிக்கறதே திருட்டு முழி."

குவிரின் ஒரு மூலையில் பீரை முறைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தான்.

"நீதானேடா அவளைத் தூக்கறதா இருந்தது?" என்று கேட்டார் விம்மர்.

அவன் காது சிவந்தது. "ஆமா மாமா. காரெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். வந்து பாத்தா ஆளைக் காணோம். விருந்துக்கு வந்த நம்ம ஊர்த் தீயணைப்புப் படைக்காரப் பசங்க முந்திக்கிட்டானுங்க. வெளிய சொன்னா மானம் போயிடும்னு கம்முனு இருக்கேன்."

"தீயணைப்புப் படைக்காரங்க அத்தனை பேரும் அதோ உக்காந்து சீட்டாடறாங்களேடா."

குவிரின் திரும்பிப் பார்த்தான். சீட்டாடியவர்களில் ஒருவன் கையாட்டி, "என்ன குவிரின், பொண்ணை எங்கடா ஒளிச்சே?" என்று சிரித்தான். குவிரினின் முகம் வெளுத்தது.

அப்போது அடுக்களைப் பக்கம் விடுதிக்காரியின் குரல் எழுந்தது. "என் ரப்பர் பூட்ஸை எவ எடுத்தா? கோழிக்குத் தீனி போட நான் எப்படிப் போறது?"

விம்மர் அதியாம்போவிடம் திரும்பினார். "அவ கடைசியா எப்ப தூங்கினா?"

"சரியாத் தூங்கி ஒரு வாரம் இருக்கும் ஐயா. லீவு எடுக்கறதுக்காக மத்தவங்க நைட் டியூட்டியெல்லாம் சேத்துப் பாத்தா. காலையில வீட்டுக்குப் போனா சொந்தக்காரங்க. படுக்கையில தூக்கம் வரலன்னாலும் பஸ்ல ஏறினா வந்துடும்னு சொல்வா. தினமும் பஸ்ல என் தோள்மேலதான்..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்காரங்க நகரத்துலேருந்து வந்த பஸ் எங்க நிக்குது?"

"பின்னால, ஆப்பிள் மரங்களுக்கு அந்தப் பக்கம்."

"ஓடு."

அவள் பையைப் பற்றிக்கொண்டு ஓடினாள். குவிரினும் பின்னாலேயே ஓடினான். காலையில் பெய்த மழையில் புல்வெளி சொதசொதவென்று கிடந்தது. விம்மர் மூச்சு வாங்க நடந்தார். சென்ஸி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"விளக்கமாச் சொல்லுடா. யாரு தூக்கினது?"

"யாரும் தூக்கலக்கா. தூக்கிட்டுப் போறவன் செருப்பைக் கழட்டி ஒழுங்கா வெப்பானா? ஊர் பூராக் காட்டத்தானே தூக்கறான், பூச்செண்டை விடுவானா? அப்புறம் உன் போர்வை. கடத்தறவனுக்கு அது எதுக்கு? தூங்கறவளுக்குத்தான் வேணும். வாசல் பக்கம் சரளை, ரப்பர் பூட்ஸ் தேவையில்ல. ஈரப் புல்லு இந்தப் பக்கம் மட்டும்தான். இங்க கதவு சாத்திப் படுக்க பஸ்ஸை விட்டா என்ன இருக்கு?"

"அப்ப இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் தேடலியே?"

"ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் தூக்கிட்டான்னு நினைச்சான். நானும்தான். வழக்கம்னு சொல்லிட்டா நமக்கெல்லாம் கண்ணு அவிஞ்சுடுது."

பேருந்தின் கடைசி இருக்கையில் வெரேனா கிடந்தாள். கம்பளிப் போர்வை கழுத்துவரை. நெற்றி முத்து முத்தாக வியர்த்திருந்தது. அதியாம்போ அவளை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்து, பையிலிருந்த குளுக்கோஸ் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்குள் பிதுக்கினாள். "விழுங்குடி. என் தங்கமில்ல. இன்னும் கொஞ்சம்." சென்ஸி தன் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினாள்.

மெல்லக் கண் திறந்தது. யார் எவரென்று தெரியாத பார்வை. பிறகு தெரிந்தது.

"கேக் சாப்பிட்டேனே..."

"சாப்பிடல."

"சாப்பிட்டேன்னு நினைச்சேன்." வெரேனாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "கொஞ்ச நேரம் தூங்கலாம்னுதான் வந்தேன். எல்லாரும் நான் சிரிக்கணும்னு பாத்துக்கிட்டே இருக்காங்க."

குவிரின் அடுக்களைக்கு ஓடி ரொட்டியும் பாற்கட்டியும் கொண்டுவந்தான். அவள் தின்று, அதியாம்போ விரல் நுனியில் குத்திச் சோதித்து, "இப்ப பரவால்ல, ஏறிக்கிட்டிருக்கு" என்று சொன்ன பிறகுதான் விம்மர் ஓர் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் குவிரின் வாசலில் காத்திருந்து கூட்டிவர, கஸ்பர் சேறும் வியர்வையுமாக வந்து ஏறினான். நடந்ததை மாமன் சொல்லக் கேட்டதும் அவள் காலடியில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைத் தூக்கினது யாருன்னு தெரிஞ்சா மீட்புப் பணம் குடுத்துடுவேன்" என்றான், சிரிக்க முயன்றபடி.

வெரேனா மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நான்தான். மீட்புப் பணம், இன்னும் கொஞ்சம் தூக்கம்."

கஸ்பர் அதியாம்போவைப் பார்த்தான். "நான் பக்கத்துலயே இருக்கேன். அப்பப்ப எழுப்பிப் பாத்துக்கறேன்" என்றாள் அவள், தோளைச் சாய்த்துக் கொடுத்து.

மண்டபத்தில் வாத்தியம் தொடங்கியது. முதல் நடனத்துக்கு அழைக்க யாரோ புல்வெளியில் கூவிக்கொண்டு வந்தார்கள். கஸ்பர் பேருந்துக் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"கஸ்பர்! பொண்ணு கிடைச்சாளாடா?"

"இல்லப்பா. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."