பதினாறு ஆம்பியர்

சுவிட்சைப் போட்டவுடனே பிரேக்கர் விழுந்து தொலைத்திருந்தால் தச்சருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பட்டறையின் டஸ்ட் கலெக்டர், மரத்தூளையெல்லாம் குழாய் வழியாக உறிஞ்சித் தன் துணிப்பையில் நிரப்பிக்கொள்ளும் அந்த ஆளுயர இயந்திரம், நல்ல பிள்ளையாக நான்கு நிமிடம் ஓடும். ‘அப்பாடா’ என்று அவர் ஒரு பலகையைத் தூக்கி வாளுக்கு நேராக வைப்பார். அந்த நேரம் பார்த்து, கரன்ட் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் அந்த பிரேக்கர் சுவரில் ‘டக்’ என்று விழும். விளக்கெல்லாம் எரியும், இயந்திரம் மட்டும் முனகிக்கொண்டே அடங்கும். காலையிலிருந்து இது பதினோராவது தடவை.

வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. நடுவில் ஒரே ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. நுரையீரல் பாதி போய்விட்டது, இனி தூசி கொஞ்சம்கூட ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு ஒன்று என்றால் உருகிவிடும் மச்சினன் கறாராகச் சொல்லிவிட்டான். “நாளைக்குக் காலையில வருவேன் மாமா. மிஷின் ஓடினா அக்கா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்.” அவன் எலக்ட்ரீஷியன் வேறு, சாக்குப்போக்குச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. இருபத்தாறு வருடமாகத் தன் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தச்சர் தானாகத் தேடியதில்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் ஊறிய மரத்தூளின் புளித்த வாசனையும், சூடான மோட்டாரின் எண்ணெய் நெடியும், கூரைத் தகரத்தின் விடாத சடசடப்பும் சேர்ந்து தலைக்குள் நுழைந்து குடைய, அவர் இயந்திரத்தின் உள்விசிறியைத் துடைத்தார், மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டரை மாற்றினார், பையைக் கழற்றி உதறினார், ஒவ்வொரு குழாயாகப் பிரித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது தடவையும் விழுந்தது. வேறு வழியில்லாமல் மச்சினனைப் போனில் அழைத்தார்.

“அடைப்பா இருக்கும்னு குழாயையெல்லாம் கழட்டிப் பாத்துட்டேன் மாப்ளே. ஒரு மண்ணும் இல்ல.”

“அடைப்பு இருந்தா பிரேக்கர் விழாது மாமா. காத்து வரலேன்னா மோட்டாருக்கு வேலையே இல்ல, கரன்ட் குறைஞ்சுடும். காத்து அளவுக்கு மீறி வந்தாத்தான் திணறும். எங்கேயோ திறந்து கிடக்கு. எல்லா வாயையும் மூடிட்டு மீட்டரை மாட்டிப் பாருங்க.”

“பேசாம பெரிய பிரேக்கரா ஒண்ணு போட்டுட்டா?”

“ஐயோ, அந்த வேலை மட்டும் வேண்டாம். பதினாறு ஆம்பியர் வயர் அது. வெந்துடும்.”

ஐந்து குழாய் வாய்களையும் மூடி, மூடியின் மேல் டேப்பும் சுற்றினார். இயந்திரத்தைப் போட்டுவிட்டு வயரைச் சுற்றிக் கரன்ட் அளக்கும் மீட்டரை மாட்டினார். ஆறு ஆம்பியர் காட்டியது. அப்படித்தான் காட்ட வேண்டும். பிறகு எண் ஏறியது. ஒன்பது, பதினான்கு, இருபத்து மூன்று. ஒரு கணம் நின்று, மறுபடி சரசரவென்று இறங்கி ஆறு. மறுபடி ஏற்றம். ஒரு காகிதத் துண்டைக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் பிடித்துப் பார்த்தார், அது லேசாகக்கூட ஆடவில்லை. எங்கிருந்தும் காற்று வரவில்லை. ஆனால் பை மட்டும் விம்மி நிறைந்தது, தளர்ந்தது, மறுபடி நிறைந்தது.

டக்.

அமைதியானதும் கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றுக்குத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அதை... நிறுத்தாதீங்க. மூச்சு முட்டுது.”

“ஓடினா முட்டுதா, நின்னா முட்டுதா?”

“நின்னா.”

“தூசி பறக்குதுல்ல, அதான்” என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வந்தார். ஒரு மணி நேரமாக ஒரு பலகைகூட அறுக்கவில்லை என்பது பட்டறைக்குள் கால் வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த முறை கதவைத் திறந்தே வைத்தார். மீட்டரைப் பார்த்தார். ஏறியது. கட்டிலைப் பார்த்தார். போர்வைக்குள் அவள் நெஞ்சு ஏறியது. எண் இறங்கியது. நெஞ்சு இறங்கியது. மறுபடி பார்த்தார். மறுபடியும்.

காலையிலிருந்து பட்டினி, கண்ணைக் கட்டுகிறது, வேறொன்றுமில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டக். இருமல்.

“போதும்டா சாமி!” பொறுமை பறந்துவிட்டது. பழைய கம்ப்ரசரிலிருந்து எடுத்து வைத்த முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கரைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். மெயினை அணைத்தார். உள்ளே இருமல் பலமாகக் கேட்டது. “இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்” என்று கத்திக்கொண்டே சரியாக இரண்டு நிமிடத்தில் மாற்றிப் போட்டார்.

ஓடியது. நான்கு நிமிடம். பத்து நிமிடம். அரைமணி. மழை ஓய்ந்து பொழுது சாய்ந்த பிறகும் ஓடியது. அவர் ஒரு முழுப் பலகையை அறுத்து முடித்தபோது பட்டறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். யாரும் பிடிக்கவில்லை, தானாகவே நடந்து வந்திருந்தாள்.

“பசிக்குதுங்க. சோறு போட்டுக்கட்டுமா?”

மூன்று மாதமாகக் கேட்காத வார்த்தை. தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சமையலறைக்குள் போனதும் மச்சினனுக்குச் செய்தி அனுப்பினார். ‘ஓடுது. அக்கா இங்கேயே இருக்கட்டும்.’

பிறகுதான் நெடி வந்தது. கருகும் பிளாஸ்டிக். சுவரோரம் ஓடிய வயரைத் தொட்டார், விரல் சுட்டது. ஐந்து நிமிடம் ஆறட்டும் என்று சுவிட்சை அணைத்தார். விசிறி முனகி அடங்கியது.

சமையலறையில் தட்டு விழுந்த சத்தம்.

தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாயும்தான். நெஞ்சு அசையவில்லை. உலுக்கினார். கூப்பிட்டார். மூக்கருகே விரலை வைத்தார். இல்லை.

எங்கோ ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

திரும்பினார். இரண்டு கதவுகளுக்கு அப்பால் பட்டறை. நின்றுபோன இயந்திரம். அதன் மேல் பை மெல்ல விம்மியது. தளர்ந்தது. மறுபடி, கொஞ்சம் குறைவாக. மறுபடி, இன்னும் குறைவாக.

ஓடினார். எதிலோ இடித்துத் தோள் சிராய்த்தது. சுவிட்சைப் போட்டார்.

பின்னால் ஒரு நீண்ட இழுப்பு. ஒரு பெரிய மூச்சு. பாத்திரத்தை எடுத்து வைக்கும் ஓசை.

“என்னவோ ஒரு நிமிஷம் தலை சுத்திடுச்சுங்க. இப்ப நல்லா இருக்கு. அதை அப்படியே விட்டுடுங்க.”

வயரின் மேலுறை பளபளத்தது. இளகியது. புகை நூலாகக் கிளம்பியது. தடித்த வயர் ஒரு சுருள் பெட்டிக்குள் இருக்கிறது. மாற்றிவிடலாம். மாற்ற இதை அணைக்க வேண்டும். ஆறு நிமிட வேலை.

அணைத்தபோது பை மூன்று முறைதான் விம்மியது.

தச்சர் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றார். அழுத்தவில்லை. எடுக்கவும் முடியவில்லை. பை ஏறியது. இறங்கியது. உள்ளே அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முதல் கருந்துளி வயரிலிருந்து சொட்டிக் கீழே மரத்தூளில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அங்கே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, பையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து கனன்றது, மங்கியது, கனன்றது.