முதல் ஒலி மட்டும் என்னுடையது

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே தொண்டைப் பட்டையைக் கட்டிவிட வேண்டும். கட்டியதும் சோதனை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆக்னஸ் அக்கா விரலை உயர்த்துவார். நான் 'வ' என்று தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்வேன். அதற்குள் பாளையங்கோட்டை உள்ளரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் "வணக்கம் நேயர்களே, கபடிக் களம் சூடேறிக்கொண்டிருக்கிறது!" என்று கணீரென்று ஒரு குரல் முழங்கும். என் குரல்தான். என் தொண்டையை அளந்து, எனக்குத் திக்கல் இல்லாவிட்டால் எப்படி ஒலிக்குமோ அப்படிச் செய்தது.

பேச ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்குத் திக்குவாய். எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது, ஆகவே இங்கே கொஞ்சம் வாய் நீளமாகத்தான் பேசுவேன். வருடக் கணக்கில் அடக்கி வைத்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டைக்குள் இருக்கும் கருவியை நிறைவி என்பார்கள். கம்பெனிக்காரர்கள் கம்ப்ளீட்டர் என்பார்கள். நான் கொடுக்கும் முதல் ஒலியைப் பிடித்துக்கொள்ளும். களத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் வழியாக ஆட்டத்தைப் பார்க்கும். நான் என்ன சொல்ல வருகிறேன் என்று ஊகித்து மீதியை அதுவே சொல்லிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு ஊடகப் பயிற்சிப் பணியில் சேர்ந்த முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டு ஓவென்று அழுதேன். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் கழிவறைக்கு ஓடியவன் நான். கடையில் கத்தரிக்காய் கேட்க வாய் வராமல் வெண்டைக்காய் வாங்கி வந்தவன். எனக்குக் கபடியென்றால் உயிர், ஆனால் 'க' தான் வராது. அப்படிப்பட்டவன் ஊர் முழுக்கக் கேட்கும்படி கபடி வர்ணனை செய்தால் அழாமல் என்ன செய்வான்?

எங்கள் பிரிவில் எல்லோருமே திக்குவாய்க்காரர்கள். புதிதாக வந்து சேர்ந்த ஒருவன் மட்டும் வேறு. அய்யாத்துரை சக்கர நாற்காலியில் வருவான், வாயைத் திறந்தால் மூட மாட்டான். எங்களில் அவன்தான் உண்மையான வர்ணனையாளன். இரண்டே வாரத்தில் அவனை அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆக்னஸ் அக்காவிடம் எழுதிக் கேட்டேன். அவர்தான் எங்கள் ஒலிபரப்புப் பொறுப்பாளர், நல்ல மனுஷி, எழுதிக் காட்டினால் பொறுமையாக வாசிப்பார்.

"அவன் பேசி முடிச்சிருதான்ப்பா. நிறைவி ஒண்ணு சொல்லுது, அவன் ஒண்ணு சொல்லுதான், ரெண்டும் முட்டிக்கிடுது. நீங்கள்லாம் அப்படி இல்ல, தொடங்கி வச்சிட்டு நின்னுருதீய" என்றார்.

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

முழு ஆட்டத்தையும் இயந்திரமே வர்ணிக்க முடியும். நான் சிறுவனாக இருந்தபோது அப்படித்தான் நடந்தது. வேலை போனவர்கள் தெருவில் இறங்கிப் போராடி மனிதக் குரல் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நேர்முக வர்ணனையின் ஒவ்வொரு வாக்கியமும் அரங்கத்தில் இருக்கும் ஒரு மனிதரின் வாயிலிருந்து தொடங்க வேண்டும். மீறினால் உரிமம் போய்விடும். எங்கே முடிய வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. கம்பெனிக்கு வேண்டியது தொடங்கிவிட்டு நின்றுவிடுகிற வாய். அதைத்தான் தேடித் தேடி எங்களைப் பிடித்திருக்கிறார்கள். இரக்கப்பட்டு எடுத்தார்கள் என்று இரண்டு வருடமாக நன்றியோடு திரிந்த என்னை என்ன சொல்ல!

ஒப்பந்தத்தில் பேச்சுப் பயிற்சி எடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது. பயிற்சிக் காலத்தை வருடா வருடம் நீட்டிக்கொண்டே போனார்கள். விட்டுவிட்டு வெளியே போகலாம்தான். போய்? விளையாட்டுச் செய்தி எழுதுகிற வேலை முழுக்க இயந்திரத்திடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தொழில் முதல் ஒலி எழுப்புவது. பணி அட்டை, அடையாள எண், விடுதி அறைச் சாவி எல்லாம் அந்தப் பட்டைக்குள்ளேயே இருந்தன. கழற்றினால் நான் இன்னார் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெண்கள் கபடி இறுதிப் போட்டி வந்தது. பொருநை அணிக்கும் குமரி அணிக்கும். பொருநை அணியின் நம்பிக்கையெல்லாம் பணகுடி மாடத்தியின் மேல். எதிரணிப் பக்கம் மூச்சு விடாமல் கபடி பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முதல் பாதியின் கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து அவளை அமுக்கிப் பிடித்தார்கள். விழும்போது ஒருத்தியின் முழங்கால் அவள் காதுக்கு மேலே மோதியது. நான் களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டது.

ஆட்டக்காரிகள் எல்லோருடைய நெற்றியிலும் ஒரு சின்ன விளக்கு இருக்கும். அடி பலமென்றால் அது சிவப்பாகும். மாடத்தியின் விளக்கு பச்சையாகவே இருந்தது. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், சிரிக்கவும் செய்தாள்.

இரண்டாம் பாதியில் பாடிப் போனாள். "கபடி, கபடி, கப" என்றவள் நின்றாள். "க... க... க..." தாடை முன்னுக்கு வந்தது, இமைகள் இறுகின, கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டம் அவள் வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தது. பாட்டு நின்றதால் நடுவர் அவளை வெளியே அனுப்பினார்.

மூச்சு வாங்கிப் பாட்டு நிற்பது வேறு, இது வேறு. சொல் தெரிகிறது, வாய் கேட்கவில்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகம் அது. ஆனால் மாடத்திக்குத் திக்கல் கிடையாது. இந்த அரங்கத்திலேயே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், தண்ணீர் மாதிரி பேசுவாள். வளர்ந்த ஆளுக்குத் திடீரென்று திக்கல் வந்தால் தலைக்குள் ஏதோ ஆகியிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்கள் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட விஷயம். அவளுடைய அணி ஒரு புள்ளி எடுத்தால் அவள் மறுபடி உள்ளே வருவாள். இன்னொரு அடி விழுந்தால் பிழைப்பாளா?

மைக்கை இழுத்தேன். மாடத்தியை ஆட விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். "மா" என்றேன். "மாடத்தி இல்லாமல் பொருநை அணி ஏது நேயர்களே!" என்று என் குரல் அரங்கத்தை அதிர வைத்தது. கூட்டம் கைதட்டியது. தலையில் அடி என்று சொல்லலாம் என்று "த" என்றேன். தன் அணியைத் தாங்கும் தூண் என்றது. டாக்டரைக் கூப்பிட நினைத்து "டா" என்றதும் டாப் ஃபார்மில் இருக்கிறார் என்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் வாயைத் திறக்கத் திறக்க அவளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கைப்பலகையில் எழுதிக் கண்ணாடி அறைக்கு அனுப்பினேன். ஆக்னஸ் அக்கா வாசித்தார். களத்தை எட்டிப் பார்த்தார். காதுக்குள் அவர் குரல் வந்தது.

"பச்சைதான எரியுது தம்பி. டாக்டர் வேலைய டாக்டர் பாத்துக்கிடுவாரு. நீ விடாம தொடங்கிக் குடு, போதும்."

அதற்குள் பொருநை அணிக்குப் புள்ளி கிடைத்துவிட்டது. மாடத்தி எழுந்து களத்துக்குள் போனாள், போய் எதிரணிப் பக்கத்தில் நின்றாள். தோழி ஒருத்தி சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து பயிற்சியாளரிடம் ஓடினேன். அவர் தோளைப் பிடித்து "மா" என்றேன். தலைக்கு மேலே "மாடத்தி! மறுபடியும் மாடத்தி!" என்று முழங்கியது. அவர் மகிழ்ந்துபோய் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த நொடியில் வந்த ஆத்திரம் இருக்கிறதே! பட்டையைப் பிய்த்து வீசினேன். கழுத்துத் தோல் உரிந்து எரிந்தது. அப்படியே களத்துக்குள் பாய்ந்து, பாடப் புறப்பட்ட மாடத்திக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

நடுவர் விசில் அடித்தார். கூட்டம் ஊளையிட்டது. அப்போது அந்தக் குரல் கேட்டது.

"மன்னிக்கவும் நேயர்களே! போதையில் யாரோ ஒருவர் களத்துக்குள் புகுந்துவிட்டார். காவலர்கள் அப்புறப்படுத்துவார்கள்."

என் குரல். நான் வாயே திறக்கவில்லை. பட்டை அந்தப் பக்கம் கிடந்தது. இரண்டு வருடமாக நான் கொடுத்த முதல் ஒலிகளையெல்லாம் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் மாடத்தியையே மறந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். மேலே அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

அவள் என் சட்டையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல முயன்றாள். "த... த..." என்றாள். தண்ணி வேணுமாடி என்று தோழி கேட்டாள். தயாரா இருக்காளாம், இவனை வெளிய தள்ளுங்க என்று இன்னொருத்தி சொன்னாள். நான் கையை நீட்டி இருவரையும் தடுத்தேன். வாழ்நாள் முழுக்க என் சொற்களை மற்றவர்கள் முடித்து வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் நினைத்ததாக அது இருந்ததில்லை. ஆகவே காத்திருந்தேன். காவலர்கள் என் தோள்களைப் பிடித்துவிட்டார்கள், நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தலை" என்றாள் மாடத்தி. "தலை வெடிக்கு."

அப்படியே மண்டியிட்டுச் சரிந்தாள். அதற்குப் பிறகுதான் விளக்கு சிவந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் ஓடினார்கள், என்னை இழுத்துக்கொண்டு மறு பக்கம் போனார்கள்.

அரங்கத்து வாசலில் ஒரு புறக்காவல் நிலையம் உண்டு. அங்கே பெண் ஏட்டு ஒருவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார், கழுத்துக் காயத்துக்கு மருந்தும் கொடுத்தார். சுவரில் திரை ஓடிக்கொண்டிருந்தது. மாடத்திக்கு மூளையில் ரத்தக் கசிவு, சரியான நேரத்தில் கொண்டு சேர்த்ததால் உயிருக்கு ஆபத்தில்லை, அவளுடைய நிலையை முதலில் கவனித்தது நமது ஒலிபரப்புக் குழுதான் என்று செய்தி வந்தது. அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னது என் குரல். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அதே கண்ணீரோடு அந்தத் திரையை உடைக்கவும் கை துடித்தது.

ஏட்டு பேர் கேட்டார். திக்குவாய்க்காரனுக்கு உலகத்திலேயே கடினமான சொல் அவனுடைய பேர்தான். அதற்கு மட்டும் பதிலாக வேறு சொல் போட முடியாது. கண்ணை மூடி, காலால் தரையை உதைத்து, ஒரு வழியாக "குமணன்" என்று சொல்லி முடித்தேன்.

அவர் எழுதப் போனவர் நிறுத்தித் திரையைப் பார்த்தார். ஓரத்தில் "வர்ணனை: குமணன்" என்று இருந்தது. கேலி செய்யவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் காகிதம் வாங்கி நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று ஒலிபரப்பு அறைக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

ஆக்னஸ் அக்காதான் எடுத்தார். தான்தான் உங்கள் வர்ணனையாளர் குமணன் என்று இங்கே ஒருவர் சொல்கிறார் என்று ஏட்டு விவரம் சொன்னார். ஆமாம் என்று அவர் சொன்னால், நான் களத்துக்குள் பாய்ந்ததிலிருந்து ஒலிபரப்பான ஒவ்வொரு வாக்கியமும் சட்ட விரோதம். உரிமம் போகும், அவருடைய வேலையும் போகும், என்னோடு சேர்ந்த எல்லோருடைய பிழைப்பும் போகும். எனக்குத் தெரியும். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"குமணன் மைக் முன்னாலதான் இருக்காரு மேடம்" என்றார் ஆக்னஸ் அக்கா. "நீங்களே கேட்டுக்கிட்டுதான இருக்கீய."

போன் நின்றது. ஏட்டு நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார், புதிய தாள் ஒன்றை எடுத்தார். நாற்காலியை என் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"நேரமானாலும் பரவால்ல தம்பி, நான் இருக்கேன். பதறாம, மெதுவா உங்க சொந்தப் பேரச் சொல்லுங்க."

வேறு பேர் என்னிடம் இல்லை. நான் "கு" என்று தொடங்கினேன். திரையில் நேயர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்த குரல் அந்தப் பேரைச் சொல்லி முடித்தது.