பதினேழாம் எண் ஆணி

பலகையில் இன்னோர் ஆணி காலியாக இருந்தது.

மொன்ப்ரெல் மேயர் அலுவலகத்தில் காப்பி இயந்திரத்துக்கு மேலே அந்தப் பழைய பலகையை அழகுக்காக மாட்டியவள் செயலாளர் ஓதில்தான். ஊருக்கடியில் ஜிப்சம் வெட்டிய காலத்தில், சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதிலிருந்து எடுத்துப் போவான். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். பலகை நிறையாமல் சுரங்கவாயை அடைக்கக் கூடாது. ஒரே ஒரு முறை அடைத்தார்கள், 1911இல். அன்றிலிருந்து ஒன்பதாம் எண் ஆணி காலி.

இன்று பதினேழும் காலி.

நவம்பர் மாதம், மணி ஐந்தாகவில்லை, அதற்குள் தெருவிளக்குகள் எரிந்தன. பாரிஸ் ரயிலின் இரைச்சல் மூடுபனிக்குள் அமுங்கிக் கேட்டது, நிலவறைக் கதவின் இடுக்கிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. காலையில் மகன் பஸ்தியேன் வந்து கத்திவிட்டுப் போனது ஓதிலுக்கு நினைவு வந்தது.

"என் வீட்டுச் சமையலறைக்கு அடியில தட்டுற சத்தம்மா. மூணு மூணாத் தட்டுது. மேட்டுல சுரங்கமே இல்லைன்னு நீதானே சொன்னே?"

"தண்ணிக் குழாயா இருக்கும்டா."

"உனக்கு எல்லாமே குழாய்தான். நானே இறங்கிப் பாத்துக்கிறேன்."

அவனுக்கு மேட்டில் மனை கிடைக்க வேண்டுமென்று, பதினோரு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் சுரங்கப்பாதையை விட்டுவிட்டு அரசுக்குப் புதுச் சுரங்க வரைபடம் அனுப்பியவள் அவள். மூலப்படத்தை அடுப்பில் போட்டவளும் அவளே.

மேயர் லெகர் கைகளைத் தேய்த்தபடி உள்ளே வந்தார். "வேலை முடிஞ்சுது ஓதில். மாதாகோயில் பின்னாடி சுரங்கத்துக்குள்ள இறங்குற பொந்து பூரா கான்கிரீட். மேல புல்லு பதிச்சிட்டா, அடுத்த வாரம் சுரங்க ஆய்வாளர் வந்தா புல்லைப் பாத்துட்டுப் போவார்."

"பலகையைப் பாத்தீங்களா?"

"எதை, அந்த அலங்காரத்தையா?"

ஓதில் ஓடினாள். ஓடிக்கொண்டே தீயணைப்புப் படையை அழைத்தாள்.

பொந்து இருந்த இடத்தில் சாம்பல்நிறக் குழம்பு விளிம்புவரை நின்றது. பக்கத்துப் பாறையில் கல்லால் மூன்று முறை தட்டினாள். காதை வைத்தாள்.

பதில் வந்தது. மூன்று தட்டல். அவசரமாக.

பிறகு இன்னொரு பதில். தள்ளி. நிதானமாக. அலுவலகம் இருந்த பக்கத்திலிருந்து.

"எங்கே தோண்டணும் மதாம்?" வந்து இறங்கிய தீயணைப்புத் தலைவர், அவள் அன்று அனுப்பிய வரைபடத்தை விளக்கில் பிடித்தார். "இதுல வெறும் மண்ணுதானே இருக்கு? மூலப்படம் உண்டா?"

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மேயர் தன் காலணியைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல இருக்கு" என்றாள் ஓதில்.

"சீக்கிரம் கொண்டாங்க. அது வந்தாத்தான் இயந்திரத்தை இறக்க முடியும்."

பாறைக்குள் மறுபடி மூன்று தட்டல். மெலிந்து. இல்லாத படத்தை எடுக்க அவள் திரும்பி ஓடினாள்.

அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. நிலவறைக் கதவு திறந்திருந்தது.

தரையில் ஈரக் காலடிகள். வெள்ளைச் சேறு. நிலவறையிலிருந்து பலகைவரை. திரும்பிப் போனதாக ஓர் அடியும் இல்லை.

பதினேழாம் ஆணி காலி.

ஒன்பதில் ஒரு வில்லை. சேறு சொட்டியது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.