மூச்சடக்கிக் கேட்டவள்

அந்த இசைக்காரர் காரைவிட்டு இறங்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிலுக்கு வந்துவிட்டு ஆளைப் பார்த்து வேலை எடுக்க முடியுமா?

"பாட்டு இல்ல, தாளம் இல்ல. இருட்டுல உட்கார்ந்து கேட்கிற இசை," என்றார். மூடிப்போன ஒரு சுரங்கத்துக்குள் பதிவு செய்தாராம். லிமிடெட் எடிஷன். அதாவது, அவர் சொன்ன எண்ணிக்கை அடித்து முடித்ததும் அச்சுத்தகட்டை நானே வெட்டிப் போட்டுவிட வேண்டும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் இன்னொரு தட்டு கிடைக்காது.

அடித்த தட்டுகளில் சிலவற்றை எடுத்துக் கேட்டுப் பார்ப்பது என் மனைவியின் வேலை. மெல்லிய இடங்களில் தன் மூச்சுச் சத்தம் குறுக்கே வரக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொள்வாள். "குளத்துல முங்கினவ மாதிரி இருக்கியே," என்று கிண்டல் செய்வேன்.

இந்தத் தட்டு முழுக்கவே மெல்லிய இடம்தான்.

முதல் தட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். "என்னங்க, இதுல யாரோ மூச்சு விடுறாங்க."

நானும் கேட்டேன். சுரங்கக் காற்று, இரும்பின் முனகல், எங்கோ நீர் சொட்டும் ஒலி. அவற்றுக்கு அடியில் ஒரு மூச்சு, சீராக. அவள் கேட்டு முடித்த எல்லாத் தட்டுகளிலும் அது இருந்தது. அவள் கேட்காததில் இல்லை.

இசைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"மூச்ச அடக்கிக்கிட்டா கேட்டாங்க?" என்றார்.

போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

புத்தி வேலை செய்யாதபோது கை பழகியதைச் செய்கிறது. நல்ல தட்டுகளை அனுப்பினேன். அச்சுத்தகட்டை வெட்டினேன். மூச்சு கேட்கிறதென்று அவள் கழித்தவற்றில் ஒன்றை, வழக்கம்போல, தூளாக்கும் அரவை இயந்திரத்தில் போட்டேன்.

பக்கத்து அறையில் நாற்காலி சாய்ந்தது.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். உதடு நீலம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏன் அப்படித் தோன்றியதோ, மிச்சமிருந்த தட்டுகளில் ஒன்றை ஓடவிட்டேன். மெல்லக் கண் திறந்தாள்.

அவள் மூக்கடியில் கை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

மூச்சு ஸ்பீக்கரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தட்டு நின்றதே இல்லை. அவள் சமைக்கிறாள், பேசுகிறாள், சண்டை போடுகிறாள். ஒரு பக்கம் முடிந்தால் முகம் வெளுக்கும். ஓடிப்போய்த் திருப்பிப் போடுகிறேன். ஆனால் ஊசி ஓட ஓடத் தட்டு தேயும். இது தெரியாதவனா நான்? மூச்சோடு இப்போது கரகரப்பும் கேட்கிறது. மிஞ்சியிருக்கும் தட்டுகளும் தேய்ந்துவிட்டால் அவளை எங்கே போய்த் தேடுவேன்?

இன்று மாலை ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, என்னையறியாமல் மூச்சை அடக்கி, அவள் மூச்சைக் கவனித்தபடி இருந்தேன். தோளில் அவள் கை விழுந்தது.

"போதும். எந்திரிங்க."

"ஏம்மா, மூச்சு சீராத்தானே வருது?"

"வருது." அவள் கண் கலங்கியிருந்தது. "இப்ப ரெண்டு பேரோடது வருது."

என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன்.