குற்றவாளியின் விலாசம்

ஜாமீனில் வந்த வீரமணி நண்பகலில் வீடு சேர்ந்தான். மணலூர்பேட்டைக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டிய ஒற்றை அறை. உள்ளே கடுக்காய் வாசனை. கூடவே டயர் கருகிய நாற்றம்.

மனைவி இசைவாணி மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ உள்ள போன நாள்லேர்ந்து அங்கியேதான் குந்திகினு இருக்குது," என்று கிசுகிசுத்தாள்.

மூலையில் யாரும் இல்லை. தரை மட்டும் ஈரமாயிருந்தது.

அவன் கைதான அன்று, வெள்ளிமலைச் சாலையோரம் மழையில் நனைந்தபடி கடுக்காய் மூட்டையோடு நடந்துபோன மலைக்காரி குஞ்சம்மாளைக் கார் அடித்துத் தூக்கியது. ஓட்டியவன் முதலாளி காசிநாதனின் மகன் ஜெயப்பிரகாஷ். போதை. வீரமணி அவர்களுடைய டிராக்டரை ஓட்டுபவன். லைசென்ஸ் இருந்தது. குடியிருக்கும் இடமும் அவர்களுடையது.

"நீ ஓட்டுனேன்னு சொல்லுடா," என்றார் காசிநாதன்.

சொன்னான். ஸ்டேஷனில் அவன் பெயரை எழுதினார்கள். அப்பன் பெயர். தெரு. கதவு எண்.

செத்தவளும் அந்த விலாசத்துக்கே வந்திருந்தாள்.

"நான் ஓட்டலம்மா," என்றான் வீரமணி, மூலையைப் பார்த்து.

தூளி ஆடியது. உள்ளே குழந்தை. யாரும் தொடவில்லை.

வேகமாக ஆடியது.

சுவரில் மோதியது.

இசைவாணி அலறிக்கொண்டு குழந்தையை வாரினாள். வீரமணி காசிநாதனுக்குப் போன் போட்டான்.

"ஐயா, புள்ளைய கொன்னுடும் போலக்குது. கோர்ட்ல உண்மைய சொல்லிடறேன்."

அவர் சிரித்தார். "போலீசு உன் வூட்டுக்கு வந்துச்சு. சம்மன் உன் வூட்டுக்கு வரும். பேய் மட்டும் என் வூட்டுக்கு வருமாடா?"

வீரமணி போனை வைத்தான். மூலையைப் பார்த்தான். பயம் போய்விட்டிருந்தது. பல்லைக் கடித்தான்.

"வாம்மா," என்றான். "ஓட்டுனவன் வூட்ட காட்டறேன்."

உச்சி வெயிலில் தெருவழியே நடந்தான். பின்னால் ஈரக்கால் ஒலி. நாய்கள் ஒதுங்கின. அவன் திரும்பவில்லை.

காசிநாதனின் இரும்புக் கேட்டின் முன் நின்றான்.

"இதான்."

காலடி அவனைக் கடந்து போனது. கடுக்காய் வாசனை அவனை விட்டு நீங்கியது.

சற்று நேரத்தில் கேட் திறந்தது. கார் சீறி வெளியே வந்தது. ஜெயப்பிரகாஷ் தனியாக ஓட்டினான். புழுதியில் ஒதுங்கிய வீரமணியை அவன் பார்க்கவே இல்லை.

கார் மலைப் பக்கம் திரும்பியது. பின்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது.

உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைத்தது.