நாலாவது கல்

மஞ்சள் மைக்கான அச்சுக்கல்லில், சுவரொட்டிப் பெண்ணின் கண்கள் வரவேண்டிய இடத்தை அய்யாத்துரை வெறுமையாகத்தான் விட்டிருந்தான். கண்ணின் வெண்மைக்குத் தாளின் வெண்மையே போதும் என்று, மாவிலை அகலமுள்ள அந்த இரண்டு இடங்களையும் மை பிடிக்காதபடி கோந்து பூசி அடைத்துவிட்டு, சுற்றிலும் மட்டுமே பேனாவால் புள்ளி வைத்தான். பதினொரு நாள் வேலை. ஒவ்வொரு புள்ளியும் அவனுக்குத் தெரியும். ஆனால் மிஷினிலிருந்து வந்த முதல் தாளில், கண்களுக்குள் மஞ்சள் புள்ளிகள் இருந்தன.

தாளை ஜன்னலோரம் கொண்டுபோனான். வெளியே சிவகாசி வெயிலில் எதிர்ச்சுவர் கண்ணைக் குத்துகிற மாதிரி வெள்ளையாக நின்றது. எங்கோ ஒரு தீப்பெட்டி ஆபீசிலிருந்து மருந்து வாடை வந்தது. லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தான். அவன் வைக்கும் புள்ளி கடுகு போல உருண்டையாக இருக்கும். இவை உருண்டை இல்லை. இடதுபக்கம் சாய்ந்து, வால் முளைத்த தலைப்பிரட்டைகள் போல ஒன்றன் பின் ஒன்றாக நீந்தின. இடதுகைக்காரன் ஒருவன் அவசரமே இல்லாமல் வைத்த புள்ளிகள்.

அந்த அச்சகத்தில் அப்படிப் புள்ளி வைத்தவன் ஒரே ஒருவன். ஒச்சப்பன். அவன் செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

"மையி தெறிச்சிருக்கும் தம்பி," என்றார் மிஷின் ஓட்டும் சங்கிலிமுத்து, வேட்டியில் கையைத் துடைத்தபடி. "இன்னும் செவப்பு, நீலம், கருப்புன்னு மூணு கல்லு கெடக்கு. அம்புட்டும் மேல விழுந்தா இது எங்கன தெரியப்போவுது?"

அய்யாத்துரை கல்லைப் போய்ப் பார்த்தான். கண் இருக்கும் இடம் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

ஒச்சப்பனும் அய்யாத்துரையும் ஒரே நாளில் அந்த அச்சகத்தில் சேர்ந்தவர்கள். தீப்பெட்டி லேபிளுக்கு மயிலும் பூனையும், வெடிக்கட்டு உறைக்கு லட்சுமியும் வரைந்து பழகியவர்கள். ஐம்பத்து நாலாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி சுவரொட்டி ஆர்டர் கொடுத்தது. படத்தின் பெயர் 'மாலைக்கன்னி'. நிலத்துக்காகக் கல்யாண மாலையோடு கொல்லப்பட்ட பெண் ஒருத்தி, அந்த மாலையோடே திரும்பி வந்து, கொன்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பழிவாங்கும் கதை. முதலாளி காசிராஜன் இரண்டு பேரையும் ஒரு முகம் எழுதிக் காட்டச் சொன்னார். அய்யாத்துரை எழுதிய முகம் அழகாக இருந்தது. ஒச்சப்பன் எழுதிய முகம் எதிரே நிற்பவரைப் பார்த்தது.

அதுதான் வித்தியாசம். அதற்கு மேல் அய்யாத்துரைக்குச் சொல்லத் தெரியவில்லை. விருதுநகரில் அந்தச் சுவரொட்டி ஒட்டிய தெரு வழியாகப் பெண்கள் பொழுது சாய்ந்த பின் போகமாட்டோம் என்றார்கள். ஏழாயிரம்பண்ணையில் பசை காயும் முன்பே உரித்து வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். படம் நூற்றிருபது நாள் ஓடியது. மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன்கூட ஒச்சப்பனை நிறுத்தி, "நீதானாய்யா அந்தக் கண்ணை எழுதுனது?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற அய்யாத்துரையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அய்யாத்துரையின் பெண்டாட்டி சுப்புத்தாய் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தாள். சுவரொட்டியை அடுப்படிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். ஒவ்வொரு வேளை சோற்றையும் ஒச்சப்பனின் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்துதான் அய்யாத்துரை தின்றான்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பாகத்துக்கு ஆர்டர் வந்தது. அதையும் ஒச்சப்பனே எழுதட்டும் என்று முதலாளி சொன்னார்.

ஒச்சப்பனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாள் முழுக்கப் புள்ளி வைத்தால் கண் எரியும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, குனிந்து, திறந்த கண்ணை அதில் முக்குவான். கல்லைப் பதப்படுத்தும் ஆசிட் பாட்டில் அதே அலமாரியில்தான் இருந்தது. ஒரு மத்தியானம் அய்யாத்துரை அந்தப் பாட்டிலைத் திறந்து கிண்ணத்துக்குள் சாய்த்தான். யோசித்துச் செய்ததா, கை தானாகச் செய்ததா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். யோசித்துத்தான் செய்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார்கள். அவனேதான் பாட்டிலை மாற்றி எடுத்து ஊற்றிக்கொண்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். திருத்தங்கலில் அவன் வீட்டுக்கு அய்யாத்துரை ஒரே ஒரு தடவை போனான். துணி கட்டிய முகத்தோடு ஒச்சப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அய்யாத்துரையா? வா, உக்காரு. நான் கடேசியாப் பாத்தது என்னன்னு தெரியுமா? கிண்ணத்துத் தண்ணிக்குள்ள உன் மொகம். எனக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் கோபம் இல்லை. வரையவேண்டிய ஒன்றை மனதில் குறித்து வைப்பவன் குரல். சில மாதங்களில் அவனைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

'மாலைக்கன்னி திரும்பினாள்' சுவரொட்டியை அய்யாத்துரை எழுதினான். படம் ஒன்பது நாளில் சுருண்டது. பழிவாங்க வந்தவள் தோட்டத்தில் பாட்டுப் பாடினாள், கடைசியில் எல்லோரையும் மன்னித்தாள். கதை சரியில்லை என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தான். சுப்புத்தாய் சொன்னது வேறு.

"ஏங்க, நீங்க எழுதுன படத்தப் பாத்தா பயமே வரலீங்க. நம்ம பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருக்கா."

இப்போது அறுபத்திரண்டில் மூன்றாம் பாகம். 'மாலைக்கன்னியின் தங்கை'. பழைய முகத்தை அப்படியே பார்த்து எழுதினால் போதும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். செத்தவனைப் பார்த்து எழுதுவதா? அய்யாத்துரை தன் மனதிலிருந்தே எழுதினான்.

இரண்டாம் நாள் சிவப்பு ஏறியது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் மாலைக்கும் மட்டும்தான் அவன் சிவப்பு வைத்திருந்தான். தாளில் கண்களுக்குள்ளும் சிவப்பு வந்திருந்தது. வெந்த கண்ணில் ஓடும் நரம்புகள் போல மெல்லிய இழைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு கனத்தில், முனைக்கு வரவர உயிர் அடங்குவது போலத் தேய்ந்து. தாளிலிருந்து மை வாடையோடு இன்னொரு வாடை வந்தது. மூக்கின் உள்தோலைச் சுரண்டும் புளித்த காரம். ஆசிட் பாட்டிலைப் போய்ப் பார்த்தான். மூடி இறுக மூடியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீக?"

"ஒண்ணுமில்ல. வேல சாஸ்தி."

"மூணாவது படமாமே. நாலு பேரையுந்தான் மொதப் படத்துலயே கொன்னு முடிச்சிட்டாளே. இனி யாரைக் கொல்ல வர்றாளாம்?" சுப்புத்தாய் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள். "இன்னும் எவனாச்சும் தப்பிச்சுக் கெடக்கானோ என்னவோ."

அவன் தட்டை விட்டு எழுந்துவிட்டான்.

மூன்றாம் நாள் நீலம். நிழல் விழுந்ததும் முகம் தாளிலிருந்து முன்னால் வந்தது. அது அவன் எழுதிய முகம் இல்லை. மூக்கும் நாடியும் அவனுடையவைதான், கோடு தாண்டவில்லை. ஆனால் அந்தக் கண்களின் பக்கத்தில் அவை வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கும் அடியில், அதைவிடப் பழைய ஒன்று எரிந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது. இமையின் ஓரத்தில் நீர் கட்டி நிற்பதை வெறும் எட்டுப் புள்ளியில் கொண்டுவந்திருந்தான் பாவி. எட்டே புள்ளி. அய்யாத்துரைக்கு எண்ணூறு வைத்தாலும் வராது.

காசிராஜன் முதலாளி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏய்யா, இம்புட்டு நாளா இந்தக் கைய எங்கன ஒளிச்சு வச்சிருந்த? ஒச்சப்பனே எந்திரிச்சு வந்து எழுதுன மாதிரியில்ல இருக்கு!"

"நாந்தான் எழுதுனேன் அண்ணாச்சி," என்றான் அய்யாத்துரை. தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"நீ எழுதலேன்னு யாருய்யா சொன்னா?" அவர் சிரித்தார். "நாளைக்குக் கருப்ப ஏத்து. அஞ்சாயிரம் தாளும் நாளைக்கே மெட்ராஸ் லோடுக்குப் போவணும்."

அவர் போனபின் கருப்புக் கல்லை லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். கருவிழி இரண்டையும் அவன்தான் மையால் நிரப்பியிருந்தான். ஒவ்வொன்றிலும் ஓர் அரிசி அளவு இடத்தை வெளிச்சம் படும் பொட்டுக்காக விட்டிருந்தான். பொட்டுக்குள் ஒன்றும் இல்லை. வேண்டாம், கல்லை உடைத்துவிடலாமா? உடைத்தால் அந்தக் கண் முடியாமலே போய்விடும். முடிந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கியது. உருளை போவதும் வருவதுமாகத் தரை அதிர்ந்தது. முதல் தாளைச் சங்கிலிமுத்து இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அதை மேசையில் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, அய்யாத்துரை லென்ஸைக் கண்ணில் வைத்தான்.

வலது கருவிழியின் வெளிச்சப் பொட்டுக்குள் ஓர் அறை இருந்தது.

அரிசி அளவு அறை. ஜன்னல். அலமாரி. அலமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். சட்டையின் மடிப்புகூட இருந்தது.

"சங்கிலிமுத்தண்ணே. இதக் கொஞ்சம் பாருங்க. இந்தப் பொட்டுக்குள்ள."

அவர் லென்ஸை வாங்கிக் குனிந்தார். "வெள்ளையா இருக்கு. என்ன தம்பி, நல்லாத்தான் விழுந்திருக்கு?"

அவர் மிஷினுக்குத் திரும்பினார். அய்யாத்துரை அடுக்கிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். அதே கல். அதே மை. அந்த ஆளின் கை உயர்ந்திருந்தது.

அடுத்த தாள். கையில் பாட்டில்.

அடுத்தது. பாட்டில் சாய்ந்திருந்தது. கீழே கிண்ணம். விழும் ஆசிட் மயிரிழையாக.

அவன் விரல்கள் மையில் வழுக்கின. நிறுத்தவேண்டும் என்று நினைத்தான். மிஷினை நிறுத்து என்று கத்தவேண்டும். கத்தவில்லை. இன்னொரு தாளை இழுத்தான். ஒச்சப்பன் கிண்ணத்துக்கு மேல் குனிந்திருந்தான். பின்னால் அய்யாத்துரை நின்றிருந்தான். அவன் முகம். எத்தனை புள்ளி? ஆறா, ஏழா? அதற்குள் அவனுடைய பொறாமை முழுவதும் இருந்தது. கடைவாயின் அந்தச் சின்ன இழுப்புவரை.

அய்யாத்துரையின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. என்னை எப்படி இவ்வளவு நன்றாக எழுதினான்?

அடுத்த தாளில் அறை மாறிவிட்டது. மேசை. தாள் அடுக்கு. முக்காலியில் ஒருவன் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தான்.

அவன் அசையவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் வெயில் விழுந்த தரை. அங்கே யாரும் இல்லை. கொஞ்சம் முன்புவரை யாரும் இல்லை.

அடுத்தது. கதவருகே ஒருவன். நனைந்த வேட்டி. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழி.

அடுத்தது. குழிக்காரன் பாதி அறையைக் கடந்திருந்தான். கையில் கிண்ணம்.

புளித்த காரம் மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்க்கலாம். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். திரும்பவில்லை. கை அடுத்த தாளுக்குப் போனது. அதில் எப்படி எழுதியிருக்கிறான் என்று பார்க்கவேண்டும். அதை மட்டும்.

அடுத்தது. முக்காலிக்குப் பின்னால் நின்றான்.

மிஷின் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. பிடரியில் ஈரக் குளிர்ச்சி. யாரோ வெகு அருகில் குனிந்து, அவன் தோளுக்கு மேலாக, தன் வேலையைத் தானே சரிபார்ப்பது போல.

"தம்பி, இந்தாங்க," என்று சங்கிலிமுத்துவின் குரல். ஒரு தாள் வந்து மேசையில் விழுந்தது. கருப்பு இன்னும் காயவில்லை.

அய்யாத்துரை லென்ஸோடு குனிந்தான்.

பொட்டுக்குள் முக்காலிக்காரன் முகத்தை மேலே தூக்கியிருந்தான். வாய் திறந்திருந்தது. கண்ணின் இடத்தில் வெறும் தாள். அவனுக்குப் பின்னால் ஒச்சப்பன் நின்றான். கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

ஒச்சப்பனுக்கு இப்போது கண்கள் இருந்தன. ஈரமான, உயிருள்ள இரண்டு கண்கள். அவை மெதுவாக ஒரு முறை இமைத்தன. இமைத்துவிட்டு, லென்ஸ் வழியாக மேலே அவனைப் பார்த்தன.