இருநூறு கழஞ்சு பொன்

"மேடம், கல்லைக் காணோம்!"

பவதாரணி போட்ட கூச்சலில் இடிந்த கோட்டைச் சுவரிலிருந்த மயில் படபடத்துப் பறந்தது. நேற்று அவளும் கூடப் படிக்கும் ஜெரால்டும் முட்புதரை வெட்டி, தேய்த்துக் கழுவி, ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுத்த கல்வெட்டு அது. தொல்லியல் மாணவியாக அவள் தன் கையால் எடுத்த முதல் படி. கடைசி ஐந்து வரிகளை மட்டும் இன்றைக்கு எடுக்கலாம் என்று மிச்சம் வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம்!

பேராசிரியர் திலகவதியின் முகம் சிவந்தது. "வெளியில யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

பவதாரணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேற்று டீக்கடையில் ஊரே கேட்க வாசித்துக் காட்டினாளே, 'இருநூறு கழஞ்சு பொன்' என்று!

"சரியான ஓட்டவாய்!" என்றான் ஜெரால்டு.

"நீயும் பக்கத்துல உக்காந்து வடை தின்னுட்டுதானே இருந்த? தடுத்திருக்கலாம்ல?"

"சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. நான் தாசில்தாருக்குப் போன் போடுறேன். நீங்க தடத்தைப் பாருங்க!"

ஜேசிபியின் சக்கரத் தடம் சரிவில் இறங்கியது. இருவரும் முள் கிழிக்க ஓடினார்கள், ஓடையைத் தாண்டினார்கள். ஏரிக்கரையில் கல் மல்லாந்து கிடந்தது. மண் காண்ட்ராக்டர் கோட்டைச்சாமி கத்திக்கொண்டிருந்தார்.

"குழியில ஒண்ணுமில்ல. அப்ப கல்லுக்குள்ளதான் இருக்கு. உடைடா பாண்டி!"

ஜேசிபியின் கை உயர்ந்தது. பவதாரணி பாய்ந்துபோய்க் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்!

"எந்திரி பாப்பா! இது என்ன உங்கப்பன் வீட்டுக் கல்லா?"

"ஆமா! எங்கப்பன் வீட்டுது, உங்கப்பன் வீட்டுது, இந்த டிரைவர் அண்ணன் வீட்டுது! தொள்ளாயிரம் வருஷ மழையைத் தாங்கின கல்லு, உங்க ஒருத்தர் ஆசையைத் தாங்கலையே!"

"பவி, மிச்சத்தை வாசி!" ஜெரால்டு தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துத் தன் சட்டையாலேயே சேற்றைத் துடைத்தான். "பொன் எங்கேன்னு அதுலதான் இருக்கும்!"

கோட்டைச்சாமி கையமர்த்தினார். பவதாரணி எழுத்தின்மேல் விரலை நகர்த்தினாள்.

"இந்த இருநூறு கழஞ்சு பொன்னையும் கொண்டு ஏரிக்குக் கரை கட்டி, மதகு வச்சோம்... இதை அழிச்சவன் கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்."

ஜேசிபியின் உறுமல் நின்றது. பாண்டி கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினான். "எங்க வயலு இந்த ஏரித் தண்ணியிலதான் விளையுது. எனக்கு உங்க கூலியே வேணாம்."

"அப்ப பொன்னு?" என்றார் கோட்டைச்சாமி, இன்னும் விளங்காமல்.

"அதோ, கரைமுட்ட நிக்குதே!" பவதாரணி ஏரியைக் காட்டினாள். "கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

தாசில்தாரின் ஜீப் வந்தது. காண்ட்ராக்டர் அதில் ஏற்றப்பட்டார். மதியத்துக்குள் பாண்டியே வைக்கோல் பரப்பிக் கல்லைக் கோட்டைக்குத் திரும்பக் கொண்டுவந்தான். ஆனாலும் தோண்டும்போது ஜேசிபியின் பல் பட்டு நான்கு எழுத்துகள் போனது போனதுதான். அந்தத் தழும்பைப் பவதாரணி திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் டீக்கடைக்காரர் கேட்டார்: "என்ன பாப்பா, பொன்னு கிடைச்சுதா?"

கடையே திரும்பிப் பார்த்தது.

"நேத்து பாதியை வாசிச்சுட்டுப் பெருமையடிச்சேன்ணே, தப்பு என்மேல. இன்னைக்கு முழுசாக் கேளுங்க."

ஜெரால்டு சேறு படிந்த சட்டையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த முறை வடையை அவளிடம் நீட்டிவிட்டு, அவனும் காது கொடுத்துக் கேட்டான்.